படத்தில் விழாதவர்

வண்டியூரில் ஒரு நண்பர் வீடு. ராத்திரி ஒன்பது மணி. ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்கள். கட்டிலில் கறுப்புத் துணி. அதன்மேல் ஒரு பழைய பாஸ் கிடார். கையில் டார்ச்சோடு கிடாரின் சொந்தக்காரர். கேமரா பக்கத்தில் அவர் மகன்.

விஷயம் இதுதான். அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். முப்பது வருஷம் லைட் மியூசிக் மேடையில் பாஸ் வாசித்தவர். ஆனால் மேடையில் முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ தேறவில்லை. இருக்கிற ஆல்பத்தையெல்லாம் புரட்டிவிட்டான். எல்லாவற்றிலும் பாடகியின் தோளுக்குப் பின்னால் அரைக் காது, அல்லது கிடாரின் கழுத்து மட்டும். சரி, கிடாரையாவது அழகாக எடுத்துப் போடுவோம் என்று இறங்கிவிட்டான்.

அதுவும் சுலபமில்லை. பாஸ் கிடாரில் தந்தி அதிரும் நீளம் மட்டுமே 34 அங்குலம். மொத்தம் நாலடிக்குக் கொஞ்சம் கம்மி. பாலீஷ் போட்ட உடம்பு கண்ணாடி மாதிரி; ஃப்ளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் நம் பனியன். அதனால்தான் இருட்டு. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைப்பது. அந்த நேரத்தில் டார்ச்சை நிறுத்தாமல், பக்கவாட்டிலிருந்து தந்திமேல் தடவிக்கொண்டே போவது. பெயின்ட் அடிப்பதுபோல. பல்பை கேமரா பார்க்கக் கூடாது, பார்த்தால் கோடு விழும். டார்ச் முகப்பில் நீல செலோபன் தாளைச் சுற்றினால் உடம்பு நீலமாகிவிடும்.

முதல் படம் திரையில் வந்தது. தந்தி ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னுகிறது. அண்ணன் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கட்டிலச் சுத்தி நான்தானடா நடந்தேன். நான் எங்க?"

நியாயமான கேள்வி! போட்டோகிராஃபி பிறந்தபோதே பிறந்த கேள்வி. 1838-ல் டகேர் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பாரீஸ் தெரு ஒன்றைப் படமெடுத்தார். வண்டியும் ஜனமுமாக நெரிகிற தெரு. படத்தில் காலி! லென்ஸைப் பல நிமிஷம் திறந்து வைத்ததால், நகர்ந்த எதுவும் பதியவில்லை. தப்பித்தவர், ஷூவுக்குப் பாலீஷ் போட ஒரு காலைத் தூக்கிவைத்து அசையாமல் நின்ற ஒருவர். அவர் யார் என்று அவருக்கே தெரிந்திருக்காது, தான் சரித்திரத்தில் ஏறிவிட்டோம் என்பது!

இருபது வருஷம் கழித்து அதே சங்கதி நம்ம ஊருக்கு வந்தது. நண்பர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டியது. வறண்டு கிடந்த காலத்தில் பிள்ளைகள் உள்ளே கிரிக்கெட் ஆடியது. 1858-ல் அதன் கரையில் கேமராவோடு நின்றார் லின்னேயஸ் ட்ரைப். மதராஸ் ராணுவத்தில் கேப்டன், மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராஃபர். மீனாட்சியம்மன் கோயில், அப்போது இடிபாடாகக் கிடந்த நாயக்கர் மகால், தெப்பக்குளம் என்று மதுரையைப் படம் பிடித்தார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ், பெட்டி பெட்டியாகச் சாமான். வானம் வெளுத்துப் போனால் நெகட்டிவிலேயே மேகம் வரைந்துவிடுவார். கில்லாடி.

அவர் படங்களில் மதுரை பெரும்பாலும் ஆளற்ற ஊர். சித்திரை வீதியில் ஈ காக்கை இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? காகித நெகட்டிவுக்கு அவ்வளவு பொறுமை தேவைப்பட்டது. நடந்து போனவனுக்கு அதில் இடமில்லை. அந்தப் பெட்டிகளைத் தூக்கி வந்த கூலிக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ட்ரைப்பின் கதையும் சீக்கிரம் முடிந்தது. 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யான், இதெல்லாம் ஆடம்பரம் என்று கடையைக் கட்டச் சொல்லிவிட்டார். நான் பி.காம். படித்தவன். செலவைக் குறைக்கும்போது கத்தி முதலில் எங்கே விழும் என்று தெரியும்.

பி.காம். என்றதும் இன்னொன்று. மேனேஜ்மென்ட் பாடத்தில் ஃபிராங்க் கில்பிரெத் என்று ஒரு அமெரிக்கர் வருவார். கொத்தனார் ஒரு செங்கல் வைக்கப் பதினெட்டு அசைவு தேவையில்லை, ஐந்து போதும் என்று காட்டியவர். பத்து மார்க் கேள்வி. அவரும் மனைவி லில்லியனும் 1910-களில் தொழிலாளியின் கையில் குட்டி பல்பைக் கட்டி, ஷட்டரைத் திறந்துவைத்துப் படமெடுத்தது எங்கள் கைடில் கிடையாது. படத்தில் பளிச்சென்று தெரிவது கை போன பாதை. ஆள் வெறும் புகை. பிற்பாடு அதே வித்தையை 1949-ல் 'லைஃப்' பத்திரிகைக்காக ஜான் மிலி, பிக்காசோவை வைத்துச் செய்தார். இருட்டில் பிக்காசோ சின்ன விளக்கால் காற்றில் காளை வரைந்தார். ஆனால் அங்கே மிலி உஷார். நடுவில் ஃப்ளாஷ் அடித்து ஆளையும் பிடித்துவிட்டார். பிக்காசோ இல்லாத படத்தை யார் வாங்குவார்கள்?

பாஸ் வாசிப்பவருக்கு அந்த ஃப்ளாஷ் அடிப்பதில்லை. லியோ ஃபெண்டர் 1951-ல் 'ப்ரிசிஷன் பாஸ்' கொண்டுவந்து, ஆள் உயர டபுள் பாஸைத் தோளில் மாட்டுகிற சாமானாக்கினார். இங்கே இளையராஜா பாட்டுகளில் அது தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும். அதைப் பல வருஷம் வாசித்தவர் சசிதரன் என்பது, கேசட் தேயக் கேட்ட எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரியும். கேசட் அட்டையில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும். வாசித்தவர்கள் பெயரை ஆல்பத்தில் போடும் பழக்கம் ஏ.ஆர்.ரஹ்மான் காலத்தில்தான் பரவலானது. கீத் பீட்டர்ஸ் என்ற பாஸ் கலைஞரின் பெயர் நமக்கு அப்படித்தான் பழக்கமானது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அண்ணன் சிரித்தார். "அப்ப அந்த ஷூக்காரன் மாதிரி நின்னாத்தான் விழும்ங்கிறீங்க."

பையன் டார்ச்சை அவர் கையிலிருந்து வாங்கினான். "அப்பா, கிடாரை மாட்டிக்கிட்டு ஸ்டூல்ல உட்காருங்க. முப்பது விநாடி. அசையக் கூடாது." இந்த முறை கட்டிலைச் சுற்றியவன் அவன்.

இருட்டில் பத்து விநாடி போயிருக்கும். அண்ணன் குரல் மட்டும் வந்தது.

"மூச்சு விடலாமாடா?"