ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது? கல்கத்தாவிலிருந்து தமிழ்ச் சபைகளுக்கு வந்த ஒரு கடிதம்

வேலை கிடைத்து கொல்கத்தாவுக்குப் போகிறீர்கள். கிடர்பூர் பக்கம் வாடகை வீடு. ஞாயிறு காலை டயமண்ட் ஹார்பர் சாலையில் இருக்கும் புனித ஸ்டீபன் ஆலயத்துக்குள் போய், காலியாக இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவீர்கள். இங்கே உட்காரலாமா என்று யோசிக்கக்கூட மாட்டீர்கள். ஆனால், சுமார் 190 ஆண்டுகளுக்கு முன்பு இதே கல்கத்தாவின் பேராயர் தமிழ்ச் சபைகளுக்கு எழுதிய கடிதம், அப்படி யோசிக்காமல் உட்காருவதைப் பற்றியதுதான். அதைக் கேட்டு வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

கல்கத்தாவுக்கும் தஞ்சாவூருக்கும் என்ன சம்பந்தம்?

1814-ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயம் உருவானபோது, கிழக்கிந்திய கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள் எல்லாம் அதற்குள் வந்தன. மெட்ராசுக்குத் தனிப் பேராயர் 1835-ல்தான் வந்தார். அதனால் 1832-ல் கல்கத்தா பேராயராகப் பொறுப்பேற்ற டேனியல் வில்சன்தான் தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரி சபைகளுக்கும் தலைவர். (கிடர்பூரிலிருந்து அதிக தூரமில்லாத புனித பவுல் பேராலயத்தைக் கட்டியவர் அவர். 1858-ல் இறந்தார், கல்லறையும் அங்கேதான்.)

கடிதத்தில் என்ன இருந்தது?

அந்தத் தமிழ்ச் சபைகளில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. ஆலயம் ஒன்றுதான். ஆனால் உயர்சாதியினர் ஒரு பக்கம், தலித் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம். இராப்போஜனத்திலும் முதலில் ஒரு பிரிவு, பிறகு மற்றவர்கள். முந்தைய லுத்தரன் மிஷனரிகள் பலர் இதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

1833 ஜூலையில் வில்சன் எழுதினார்: சபைக்குள் சாதி வேறுபாடு இனி இருக்கக் கூடாது, உடனே விட வேண்டும். புதிதாக ஞானஸ்நானம் பெறுபவர்களிடம் கண்டிப்பு. ஏற்கெனவே இராப்போஜனம் எடுத்துவரும் பெரியவர்கள் வெளிப்படையாகச் சாதியைத் துறக்க வேண்டும் என்று மட்டும் வற்புறுத்தவில்லை. அந்தச் சலுகைக்குப் பிறகும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1835 தொடக்கத்தில் வில்சனே தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் வந்து பேசினார். எல்லோரும் திரும்பவில்லை. சாதி விஷயத்தில் மென்மையாக நடந்துகொண்ட லீப்சிக் லுத்தரன் மிஷன் 1840களில் வேரூன்றியபோது, சிலர் அங்கே சேர்ந்துகொண்டார்கள்.

எதிர்த்தவர்கள் பைபிள் படிக்காதவர்களா?

இல்லை, அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். எதிர்ப்பாளர்களில் முக்கியமானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களில் அவருடைய இடம் உங்களுக்கே தெரியும். அவர் தரப்பு வாதம் என்னன்னா, சாதி சமூக வழக்கம்தானே தவிர மத விஷயம் இல்லை; உடை, உணவு மாதிரி. வில்சனுக்கு முன் பேராயராக இருந்த ரெஜினால்ட் ஹீபரும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்த்தார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் யாக்கோபு 2-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தங்க மோதிரம் போட்டு வருபவருக்கு நல்ல இடம், கிழிந்த உடையில் வரும் ஏழைக்கு 'அங்கே நில், இல்லேன்னா காலடியில உட்காரு'. இதைத்தான் யாக்கோபு கண்டிக்கிறார். 1 கொரிந்தியர் 11-ல் பவுல் கோபப்படுவதும் இராப்போஜனத்தில் ஒருவர் பசியோடு இருக்க இன்னொருவர் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்துத்தான். யார் எங்கே உட்கார்கிறார்கள், யார் முதலில் சாப்பிடுகிறார்கள் என்பதை இந்த இரண்டு பகுதிகளும் விசுவாசம் சம்பந்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்கின்றன. 'சமூக வழக்கம்' என்று ஒதுக்க அங்கே இடமில்லை. கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28-க்கு ஆமென் சொல்வது சுலபம். யாக்கோபு 2 பெஞ்சு வரைக்கும் வந்துவிடுகிறது.

அதெல்லாம் பழைய கதைதானே?

2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் கத்தோலிக்க தலித்துகள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், 1950 பட்டியல் சாதி ஆணைப்படி கிறிஸ்தவராகும் தலித்துக்கு எஸ்.சி. தகுதி கிடையாது. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் அந்தக் கதவு திறந்தது. சட்டம் 'உங்களுக்குச் சாதி இல்லை' என்கிறது. ஊர்க் கல்லறைத் தோட்டம் வேறு சொல்கிறது.

நான் என்ன செய்ய முடியும்?

வெளியூர் ஆலயத்தில் யாரும் கேட்காத கேள்வி, ஊரில் வரன் பார்க்க ஆரம்பித்ததும் வந்துவிடும். மேட்ரிமோனி தளத்தில் 'கிறிஸ்டியன்' என்று போட்ட பிறகும் சாதிக்கு ஒரு பெட்டி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதை நிரப்புவது நீங்களா, வீட்டிலா?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இன்னும் சிலதைக் கேளுங்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? சபைக் கமிட்டியில் எந்தத் தெருக்காரர் இதுவரை வந்ததே இல்லை? ஆலயத்துக்கு உள்ளே பதில் கிடைக்காவிட்டால், வெளியே டீக்கடையில் கேளுங்கள். அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.