விலை வேறு, பணம் வேறு: நம்ம மலைக் காப்பியின் கதை

போன பதிவில் மொரப்பூர் – தருமபுரி சின்ன ரயிலைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை காலையில் எல்லோரும் குடிக்கும் காப்பியைப் பற்றி. இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. நாற்பத்தெட்டு ஆண்டுகளாக மனதில் கிடப்பதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வகுப்பில் காப்பிக்கு ஒரு பாடம் உண்டு. 1720களில் தெ க்ளியூ என்ற பிரெஞ்சு அதிகாரி மார்த்தினிக் தீவுக்கு ஒரு காப்பிச் செடியைக் கப்பலில் கொண்டுபோனார். வழியில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது தன் பங்கு நீரைச் செடிக்கு ஊற்றினாராம். வாத்தியார் இதைச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கும். அந்தத் தீவில் காப்பி பறித்தவர்கள் அடிமைகள் என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை. ரெயூனியன் தீவும் அப்படித்தான். அதற்கு அப்போது பூர்போன் என்று பெயர். 1715இல் மோக்காவிலிருந்து பிரெஞ்சுக் கம்பெனி அங்கே காப்பிச் செடி கொண்டுபோயிற்று. பிறகு கரும்பு வந்தது. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல் ஏறியவர்கள் நம் ஆட்கள்.

அப்பா காலமான பிறகு, 1969இல், அம்மாவின் ஊரான பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். பொம்மிடி ஸ்டேஷனில் நின்றால் தெற்கே சேர்வராயன் மலை தெரியும். பாடப் புத்தகத்தில் பார்த்த காப்பி அந்த மலையிலேயே விளைகிறது என்று என் தாய்மாமா சொல்லித்தான் தெரிந்தது. மாமா ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை.

ஏற்காட்டுக் காப்பிக்கு வயது இருநூறு. சேலம் கலெக்டராக 1820களில் இருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பியைக் கொண்டுவந்தார். தருமபுரியும் அப்போது சேலம் ஜில்லாதான். 1965 அக்டோபர் 2இல்தானே நாம் தனி மாவட்டம் ஆனோம்? ஆகவே அந்தக் காப்பியில் நமக்கும் பங்கு உண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன்.

பாய்மரக் கப்பல் காலத்தில் நம் நாட்டுக் காப்பி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போகும். மாதக்கணக்கில் கடல் ஈரத்தில் கிடந்து பச்சைக்கொட்டை உப்பி, மஞ்சளாகி, புளிப்புக் குறைந்துபோகும். வாங்கியவர்கள் அதுவே நல்ல காப்பி என்று பழகிவிட்டார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, பயணம் சுருங்கியது, கொட்டை பச்சையாகவே போய் இறங்கியது. "இது அந்தக் காப்பி இல்லையே" என்றார்களாம். கடைசியில் மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, மழைக்காலக் காற்றை வேண்டுமென்றே படவிட்டு அனுப்பத் தொடங்கினார்கள். மான்சூன்டு மலபார் என்று இன்றும் விற்கிறது.

அதே 1869இல் இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பி அழிந்து தேயிலை வந்துவிட்டது. 1882இல் நியூயார்க்கிலும் பிரான்சின் லு ஆவ்ர் துறைமுகத்திலும் காப்பிக்கென்று சந்தைகள் பிறந்தன. இன்னும் பறிக்காத காப்பிக்கு இன்றே விலை பேசும் சந்தைகள் அவை. மலையில் பூப்பது ஓர் இடம், விலை பிறப்பது வேறோர் இடம் என்றாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு நம் விவசாயிகள் திண்டாடினார்கள். 1940இல் அரசு தலையிட்டது. 1942 காப்பிச் சட்டமும் காப்பி போர்டும் வந்தன. விளைந்த காப்பியைப் 'பூல்' என்ற பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். கியூரிங் ஒர்க்ஸில் தோல் நீக்கி, தரம் பிரித்து, போர்டு ஏலம் விடும். உள்நாட்டில் விற்றதும் ஏற்றுமதியானதும் ஒன்றாகச் சேர்ந்து, தரத்துக்கேற்பப் பணம் பிரியும். முதலில் ஒரு தொகை, மீதி தவணை தவணையாக வரும். விலை விழும்போது இது குடை. விலை ஏறும்போது எப்படி என்பதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கடும் உறைபனி விழுந்து கோடிக்கணக்கான செடிகள் கருகின. அதற்கு முன் நியூயார்க்கில் ஒரு பவுண்டு காப்பி ஒரு டாலருக்கும் கீழே. 1977இல் மூன்று டாலரைத் தாண்டியது. பாரிசில் இருந்த என் பெரியப்பா மகன், காப்பி விலை தாங்கவில்லை என்று புலம்பிக் கடிதம் எழுதினான். எனக்கு வயது இருபத்தாறு, தாலுகா ஆபீசில் கிளார்க், பிரெஞ்சுக் கடிதம் படிக்கத் தெரிந்தவன் என்ற மிதப்பு வேறு.

மாமாவைப் பார்க்க மலைக்குப் போனபோது, அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். இரண்டு ஏக்கர் காப்பி. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி, சீமையில காப்பி வெலை ஏறிப்போச்சாமே, நெசமா?"

"நிஜம்தாங்க ஐயா. மூணு மடங்குக்கு மேல. உங்களுக்கு யோகம்தான். தைரியமா கல்யாணத்தை வையுங்க."

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் புரியவில்லை. பெரியவர் வட்டிக்கு வாங்கிக் கல்யாணத்தைச் சிறப்பாக நடத்தினார். பாயசத்தோடு விருந்து. நானும் போய்ச் சாப்பிட்டேன்.

காப்பிப் பணம் வரத்தான் செய்தது. உள்நாட்டு விலையும் சேர்ந்த சராசரி அது, கடிதத்தில் இருந்த மூன்று மடங்கு இல்லை. அதுவும் தவணையாக வந்தது. வட்டி தவணைக்குக் காத்திருக்கவில்லை. மூன்றாம் வருஷம் ஓர் ஏக்கரை விற்றுக் கடனை அடைத்தார். இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். முறை எப்படி என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். படித்தவன் சொல்கிறானே என்று அவர் நம்பிவிட்டார். பிறகு பார்த்தபோதும் "வாங்க தம்பி" என்றுதான் சொன்னார். அதுதான் இன்னும் குத்துகிறது.

அதன்பின் காலம் மாறியது. நாடுகள் பேசிவைத்த ஏற்றுமதிக் கோட்டா 1989இல் குலைந்து விலை சரிந்தது. ரூபாய்க்கே வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் 1991இல் இல்லாமல் போயிற்று. 1992 முதல் படிப்படியாகத் தளர்த்தி, 1996இல் பூல் முறை முழுதாக முடிந்தது. இப்போது காப்பி அறுபது கிலோ மூட்டைகளாக, ஒரு இருபதடி கண்டெய்னருக்கு 320 மூட்டை என்று கப்பல் ஏறுகிறது. அதிகம் வாங்குவது இத்தாலி.

2025இல் பேரன் என்னை வத்தல்மலைக்குக் கூட்டிப்போனான். முன்பு தலைச்சுமையாக இறக்கியது போய், இப்போது சாலை இருக்கிறது. சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி. தோட்டத்துப் பையன் செல்போனை நீட்டினான்: "பிப்ரவரியில நியூயார்க்குல நாலு டாலரைத் தாண்டிடுச்சு தாத்தா!"

வாய் வரை ஏதோ வந்தது. அடக்கிக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டேன்: "பணம் எப்போப்பா கைக்கு வரும்?"

"எடை போட்ட அன்னிக்கே வந்துடும் தாத்தா. ஆனா வியாபாரி சொல்றதுதான் வெலை."

பெரியவருக்கு விலை இருந்தது, பணம் நேரத்துக்கு வரவில்லை. இவனுக்குப் பணம் உடனே வருகிறது, விலை இவன் கையில் இல்லை. கடன் ஏதும் வாங்கியிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். அதற்குப் பிறகுதான் அவன் கொடுத்த வெல்லக் காப்பியைக் குடித்தேன்.