கணினி அனிமேஷனின் முதல் கை

இன்று கணினி அனிமேஷன் கற்க வரும் மாணவருக்கு பிளெண்டர், மாயா போன்ற மென்பொருட்கள் தயாராக இருக்கின்றன. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பழகவே சில வாரங்கள் ஆகின்றன என்பது வேறு விஷயம். 1972-ல் ஒரு மாணவர் இதே கலையைக் கற்க முயன்றபோது கற்பதற்கு மென்பொருளே இல்லை. அதையும் அவரேதான் எழுத வேண்டியிருந்தது.

அவர் பெயர் எட் கேட்மல். அமெரிக்காவின் ஊட்டா மாநிலத்தில் வளர்ந்தவர். சிறு வயதில் டிஸ்னி படங்களைப் பார்த்து, தானும் அனிமேட்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஆனால் அந்தத் தரத்துக்குத் தன்னால் வரைய முடியாது என்று எண்ணி, இயற்பியலும் கணினியியலும் படிக்கப் போனார். 1969-ல் பட்டம் பெற்று, சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு, 1970-ல் சால்ட் லேக் சிட்டியில் உள்ள ஊட்டா பல்கலைக்கழகத்துக்கே ஆய்வு மாணவராகத் திரும்பினார். அங்கே பேராசிரியராக இருந்தவர் ஐவன் சதர்லேண்ட். கணினித் திரையில் பேனாவால் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' நிரலை 1963-லேயே உருவாக்கியவர்.

வகுப்புக்கான ஒரு செய்திட்டமாகத் தன் இடது கையையே எடுத்துக்கொண்டார் கேட்மல். சதுரப் பெட்டி, உருளை என்று சுலபமானவை எத்தனையோ இருக்க, வளைவும் மடிப்பும் நிறைந்த கையைத் தேர்ந்தெடுத்ததுதான் அவருடைய துணிச்சல். முதலில் கையைப் பாரிஸ் சாந்தில் அமிழ்த்தி அச்சு எடுத்தார். காய்ந்த சாந்திலிருந்து கையை உருவியபோது புறங்கை முடியும் பிய்த்துக்கொண்டு வந்ததாம்! அந்த அச்சைக்கொண்டு செய்த மாதிரிக் கையின் மேல் மையால் சுமார் 350 முக்கோணங்களையும் பலகோணங்களையும் வரைந்தார். ஒவ்வொரு முனையின் ஆயத்தொலைவுகளையும் அளந்து, எண்களாகத் தட்டச்சு செய்து கணினிக்குள் ஏற்றினார். சுட்டி, மெனு எதுவும் கிடையாது. ஓர் எண் தவறினால் விரல் கோணலாகிவிடும்.

விரல்களை மடக்கி நீட்டும் நிரலையும் அவரே எழுதினார். அன்றைய திரையில் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் காண முடியாது. ஆகவே கேமராவின் மூடியை வெகுநேரம் திறந்துவைத்து, திரையில் பகுதி பகுதியாகத் தோன்றுவதை ஒரே சட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். இப்படிச் சட்டம் சட்டமாக எடுத்துக் கோர்த்ததில் கிடைத்தது சுமார் ஒரு நிமிடப் படம். அதில் கை திரும்புகிறது, விரல்கள் மூடித் திறக்கின்றன, பார்ப்பவரை நோக்கி ஒரு விரல் நீள்கிறது. பிறகு நம் பார்வை அந்தக் கையின் உள்ளேயே புகுந்து, அது வெறும் கூடு என்பதைக் காட்டிவிடுகிறது. அதே துறையின் மாணவரான ஃபிரெட் பார்க் மனித முகத்தை இதுபோல் அசைய வைத்தார்.

மாணவராக இருந்தபோதே கேட்மல் டிஸ்னி நிறுவனத்துக்கும் சென்று பார்த்தார். அங்கே அனிமேஷனுக்குக் கணினியைப் பயன்படுத்துவதில் யாருக்கும் ஆர்வம் இல்லை. பொழுதுபோக்குப் பூங்கா சவாரிகளை வடிவமைக்கும் பிரிவில் வேலை தருவதாகச் சொன்னார்கள். சிறுவயதுக் கனவு நிறுவனமே அழைத்தும் அவர் மறுத்துவிட்டார். ஓவியம் வராது என்று விலகியவர், கணினி வழியாகத் திரும்பி வந்தும் கதவு திறக்கவில்லை.

1974-ல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். ஒரு பொருளுக்கு முன்னால் எது இருக்கிறது, பின்னால் எது மறைகிறது என்பதைப் புள்ளி புள்ளியாக ஆழத்தைக் குறித்துவைத்து முடிவு செய்யும் 'இசட் பஃபர்' முறை அவருடைய ஆய்வேட்டில் இருக்கிறது. களிமண் பொம்மை மீது வண்ணத்தாள் ஒட்டுவதுபோல், பரப்பின் மேல் படத்தைப் போர்த்தும் 'டெக்ஸ்சர் மேப்பிங்' முறையும் அதில் உண்டு. இன்றைய முப்பரிமாண விளையாட்டுகள் இரண்டையும் பயன்படுத்துகின்றன.

அந்தக் கை 1976-ல் 'ஃபியூச்சர்வேர்ல்ட்' என்ற ஹாலிவுட் படத்தில், அதிலும் ஒரு கணினித் திரைக்குள், சில நொடிகள் தலைகாட்டியது. முழுவதும் கணினியிலேயே உருவான முதல் முழுநீளத் திரைப்படமான 'டாய் ஸ்டோரி' பிக்சாரிலிருந்து வெளிவந்தது 1995-ல்தான். பிக்சாரைத் தொடங்கியவர்களில் கேட்மலும் ஒருவர். 2006-ல் டிஸ்னி பிக்சாரை வாங்கியபோது, டிஸ்னியின் அனிமேஷன் பிரிவுக்கும் அவரே தலைவரானார். அவருடைய ஒரு நிமிடக் கைப்படம் 2011-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.