ராஜாவின் பெயரில் ஒரு குடுவை

1858இல் ஹியூ லோவும் ஸ்பென்சர் சென். ஜோனும் போர்னியோவின் கினபாலு மலையில செடி தேடி ஏறினார்கள். ஒருநாள் காலமை, கூடப்போன வேலையாள் ஒருவர், பூச்சி தின்னும் குடுவைத் தாவரத்தின் பெரிய குடுவை ஒன்றிலே தண்ணி கொண்டு போனார். அவரைக் கூப்பிட்டு வாங்கி அளந்தார்கள்: சுற்றளவு 19 அங்குலம், நாலு பைந்துப் போத்தல் தண்ணி பிடித்தது.

அடுத்த வருசம் ஜோசப் ஹூக்கர் இந்தச் செடியை 'நெப்பந்திஸ் ராஜா' எண்டு விவரித்து வெளியிட்டார். ராஜா எண்டது சரவாக்கை ஆண்ட ஆங்கிலேயர் ஜேம்ஸ் புரூக்கை.

தண்ணி கொண்டு போனவரின் பெயரை சென். ஜோன் தன்ர புத்தகத்தில எழுதவில்லை. வெள்ளைக்காரர் 'கண்டுபிடித்தது' எண்டு நாங்கள் படிக்கிற செடி, அவருக்கு ஏற்கெனவே தண்ணிப் பாத்திரம்.