மூவகை அலகும் எழுபாலைப் பெயர்களும்

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலே ஒரு காட்சி வருகின்றது. ஆயர்பாடியில் தீநிமித்தங்கள் தோன்றுகின்றன. அவற்றுக்குப் பரிகாரமாகக் குரவையாட எண்ணிய மாதரி, எழுவர் கன்னியரை முறையாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களையே அவர்களுக்கு இட்டழைக்கின்றாள். குரலானவள் மாயவன், இளியானவள் பலராமன், துத்தமானவள் நப்பின்னை. அவர்கள் கைகோத்து வட்டமாக நின்று ஆடுகின்றனர்.

இக்காட்சியைக் கதைச் சுவைக்காக மட்டும் படித்துச் செல்வோர் பலர். ஆயின், இசை நரம்புகளை ஒரு வட்டத்தில் நிறுத்தி, அவ்வட்டத்தின் எவ்விடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைக்கொண்டு பண்ணுக்குப் பெயரிடும் பழந்தமிழ் முறையொன்று இதன் பின்னணியில் உள்ளது. அப்பெயர்கள் எவ்வாறு அமைந்தன, அவற்றுக்கு அடிப்படையான நான்கு, மூன்று, இரண்டு என்னும் மூவகை அலகுகள் எதனைக் குறித்தன, அவை பற்றி இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே எழுந்த கருத்து வேறுபாட்டின் உட்பொருள் யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அலகும் பாலையும்

ஒரு தானத்தில், அதாவது குரல் தொடங்கி அடுத்த குரல் வரையுள்ள எல்லையில், 22 அலகுகள் உள்ளன என்பது பழைய மரபு. இவற்றை மாத்திரை என்றும் கூறுவர். வடநூலார் சுருதி என்பர். இந்த 22 அலகும் ஏழு நரம்புகளுக்கும் ஒத்த அளவிற் பகிரப்படவில்லை. குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என்பதே பகிர்வு. நான்கலகு மூன்றிடத்தும், மூன்றலகு ஈரிடத்தும், இரண்டலகு ஈரிடத்தும் வருதலைக் காண்க.

ஒரு நரம்புக்கு உரிய அலகு, முந்திய நரம்பிலிருந்து அதுவரை ஏறும் இடைவெளியைக் குறிப்பது எனக் கொண்டால், குரலிலிருந்து மேல்நோக்கிய இடைவெளிகள் 4, 3, 2, 4, 3, 2, 4 என நிற்கும். ஈற்றிலுள்ள 4 மேற்குரலுக்கு உரியது. இதுவே செம்பாலை. துத்தத்தைக் குரலாகக் கொண்டு எண்ணின் 3, 2, 4, 3, 2, 4, 4 என்றாகும், இது படுமலைப்பாலை. கைக்கிளை குரலாயின் 2, 4, 3, 2, 4, 4, 3 எனச் செவ்வழிப்பாலையும், உழை குரலாயின் 4, 3, 2, 4, 4, 3, 2 என அரும்பாலையும், இளி குரலாயின் 3, 2, 4, 4, 3, 2, 4 எனக் கோடிப்பாலையும், விளரி குரலாயின் 2, 4, 4, 3, 2, 4, 3 என விளரிப்பாலையும், தாரம் குரலாயின் 4, 4, 3, 2, 4, 3, 2 என மேற்செம்பாலையும் பிறக்கும். இக்கால வழக்கில் இவை முறையே அரிகாம்போதி, நடபைரவி, இருமத்திமத்தோடி, சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி என்பவற்றோடு ஒப்பிடப்படும்.

ஏழு வரிசைகளும் ஒன்றையொன்று ஒவ்வாதன என்பது கருதத்தக்கது. எண்களின் ஒழுங்கு ஒன்றே. தொடங்கும் இடம் மட்டுமே வேறு. எனவே, எந்நரம்பு குரலாயிற்று என்று கூறினால் போதும், பாலை இன்னது என்பது தானே விளங்கும். ஏழு பெயர்களைக்கொண்டு ஏழு இசை நிலைகளை ஐயமறக் குறிக்கும் இம்முறையின் சிக்கனம் வியக்கத்தக்கதாகும்.

எண்ணும் முறையில் உள்ள இடர்

இவ்விடத்தில் மாணவர் எளிதில் தவறக்கூடிய ஓர் இடம் உண்டு. குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3 எனப் படிக்கும்போது, அவ்வலகு அந்நரம்புக்குப் பின்னுள்ள இடைவெளி என்று கொண்டுவிடின், குரலிலிருந்து 4, 4, 3, 2, 4, 3, 2 என்ற வரிசை கிடைக்கும். இதுவோ மேலே கண்டவாறு மேற்செம்பாலையின் வரிசை. அதாவது, எண்களில் ஒன்றையேனும் மாற்றாமல், எண்ணும் திசையை மட்டும் மாற்றியதனால் அரிகாம்போதி இருந்த இடத்திற் கல்யாணி வந்து அமர்கின்றது. பழம் பண்களை இற்றை இராகங்களோடு ஒப்பிடும் முயற்சியில் அறிஞர் முரண்படுவதற்கு இத்தகைய சிறு தொடக்க வேறுபாடுகளும் காரணமாகலாம். எண்களை மனனஞ் செய்தல் போதாது. அவை எதனை எண்ணுகின்றன என்பதையும் அறிதல் வேண்டும்.

மூன்றலகின் மீது எழுந்த வழக்கு

1892 ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். அதன் பின்னரே அரங்கேற்றுகாதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் பொதிந்து கிடந்த இசைச் செய்திகள் ஆராய்ச்சியாளர் பலருக்கு எட்டின. தஞ்சாவூரில் மருத்துவராக விளங்கிய ஆபிரகாம் பண்டிதர் இவற்றை நுணுகி ஆராய்ந்து, 1916 ஆம் ஆண்டு பரோடாவில் நடைபெற்ற இசை மாநாட்டிலே தம் கருத்தை எடுத்துரைத்து, 1917 ஆம் ஆண்டு கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். ஒரு தானம் 22 சமமற்ற சுருதிகளையுடையது என்பதை அவர் மறுத்தார்; 24 சம பகுதிகளே உண்மையான அளவு என்றார்.

அவருடைய வாதத்தின் வலிமையை உணர, நரம்புகள் பிறக்கும் முறையை நோக்குதல் வேண்டும். தாரத்தில் உழையும், உழையிற் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியிற் கைக்கிளையும் தோன்றும் என்பது உரைகளிற் காணப்படும் பழைய மரபு. ஒவ்வொன்றும் தனக்கு ஐந்தாம் நரம்பைப் பிறப்பிக்கின்றது. குரலுக்கு இளி 13 அலகில் நிற்பது. தாரத்திலிருந்து உழைக்கும், உழையிலிருந்து குரலுக்கும், இளியிலிருந்து துத்தத்துக்கும், விளரியிலிருந்து கைக்கிளைக்கும் எண்ணிப் பார்ப்பின் அவ்வாறே 13 அலகு வரும். ஆனால் துத்தத்திலிருந்து விளரிக்கு எண்ணினால் 12 தான் வருகின்றது. சங்கிலியின் ஒரு கண்ணியில் ஓர் அலகு குறைகின்றது.

குறைவது எங்கே? கைக்கிளையிலும் விளரியிலும் ஆகும். இவ்விரண்டுக்கும் 3 என்பதற்குப் பதிலாக 4 எனக் கொண்டால் மொத்தம் 24 ஆகும். மூவகை அலகு மறைந்து, நான்கும் இரண்டுமான இருவகையே எஞ்சும். ஆகவே, 22 ஆ 24 ஆ என்ற வினா வெறும் எண்ணிக்கைப் பூசலன்று. மூன்றலகு என்னும் இடைப்பட்ட படி உண்மையில் உண்டா, இல்லையா என்பதே அதன் உயிர்நிலையாகும்.

படுமலைப்பாலையை எடுத்துக்கொள்க. அதன் தொடக்கம் துத்தம். அங்கிருந்து ஐந்தாம் நரம்பு விளரி. மூவகை அலகின்படி அது 3, 2, 4, 3 எனக் கூட்டிப் 12 அலகிலேயே நிற்கும், நிறைந்த இளியன்று. இற்றை நடபைரவியிலோ பஞ்சமம் நிறைவாகவே ஒலிக்கின்றது. ஏனைய பாலைகளுட் செவ்வழியொன்றே 13 அலகில் நரம்பில்லாதது. அதன் ஐந்தாம் நரம்பு 11 அலகில் நிற்பதால் அதற்குப் பஞ்சமம் இல்லை என்பது எளிதில் விளங்கும். படுமலையின் நிலை அத்தகையதன்று. பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தும் சற்றுக் குறைந்து நிற்கின்றது. 24 பகுதிக் கொள்கையில் இவ்விடர் இல்லை. இதனைப் பண்டிதர் பக்கத்துக்கு வலுவான சான்றாகவே கொள்ளல் தகும்.

விபுலாநந்தர் கண்ட வழி

சிலப்பதிகாரம் அச்சேறிய அதே 1892 ஆம் ஆண்டிலே மட்டக்களப்புப் பிரதேசத்துக் காரைதீவில் மயில்வாகனன் என்னும் பெயரோடு பிறந்தவர் விபுலாநந்த அடிகள். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும், 1943 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவருமாகிய அடிகளார், இச்சிக்கலை இலக்கியம், கணிதம் என்னும் இரு கண்களாலும் நோக்கினார். அவருடைய யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; அடுத்த மாதம் 19 ஆம் நாள் அவர் மறைந்தார். அந்நூலில் பாலைத்திரிபியல் எனத் தனி இயலொன்று உண்டு. 22 அலகு மரபை ஏற்று, அதனை நரம்பின் நீள விகிதங்களோடு பொருத்திக் காண்பது அவர் நெறி.

அந்நெறியை மாணவர்க்கு விளங்குமாறு இவ்வாறு கூறலாம். நான்கலகை 9/8, மூன்றலகை 10/9, இரண்டலகை 16/15 என்னும் விகிதங்களாகக் கொள்க. குரலிலிருந்து 4 உம் 3 உம் கூடக் கைக்கிளை 5/4 என நிற்கும். மேலும் 2 கூட உழை 4/3 ஆகும். மேலும் 4 கூட இளி 3/2 ஆகும். ஏழு படிகளையும் பெருக்கினால் பிழையின்றி 2 கிடைக்கும். தம்புராவின் சட்சத் தந்தியை மீட்டி ஊன்றிக் கேட்போர், அதனுள்ளிருந்து காந்தாரம் ஒன்று தானே எழுவதைக் கேட்பர். அது இந்த 5/4 விகிதத்தின் காந்தாரமே. ஐந்தாம் நரம்புச் சங்கிலியால் மட்டும் கைக்கிளையைக் கண்டிருந்தால் அது 81/64 ஆகிச் சற்று உயர்ந்து ஒலித்திருக்கும். ஆகவே, மூன்றலகு என்பது ஏடெழுதியோரின் பிழையன்று; சங்கிலி தந்ததைச் செவி திருத்திய இடம் எனக் கொள்ள இடமுண்டு.

இன்னொன்றும் இதனாற் புலனாகும். ஒரு தானத்தை 1200 சதமாகப் பகுக்கும் இக்கால அளவையின்படி நான்கலகு ஏறத்தாழ 204, மூன்றலகு 182, இரண்டலகு 112 சதமாகும். நான்கில் இரண்டு பாதியன்று. மூன்று சரிமுக்காலும் அன்று. நான்குக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு 22 சதமே. எனின், 4, 3, 2 என்பன அளவுகோலின் எண்கள் அல்ல. பெரும்படி, இடைப்படி, சிறுபடி என மூன்றனுக்கு இட்ட பெயர்களே எனல் பொருந்தும். ஒவ்வோர் அலகும் சமமென்று முதலிற் கொண்டு, பின்னர் அச்சமன்பாடு பொருந்தவில்லை என வழக்காடுதல், பெயரை அளவென மயங்கியதன் விளைவாகும்.

வடமொழி மரபும் மேளப் பெயர்களும்

பரதரின் நாட்டிய சாத்திரம் சட்சக் கிராமம், மத்திமக் கிராமம் என இரண்டைக் கூறும். முன்னதில் பஞ்சமம் 4, தைவதம் 3. பின்னதில் பஞ்சமம் 3, தைவதம் 4. ஏனையவை ஒன்றே. மூன்றையும் நான்கையும் ஒன்றாக்கிவிடின் இரு கிராமங்களுக்கும் வேறுபாடே இராது. ஆதலின், அந்நூல் வகுத்த பதினான்கு மூர்ச்சனைப் பெயர்களும் இடைப்படி ஒன்றையே நம்பி நிற்கின்றன. சட்சக் கிராமத்தின் வட்டம் நமது பாலை வட்டமே. கோடிப்பாலை உத்தரமந்திரையின் வரிசையையும், செம்பாலை மத்சரீகிருதையின் வரிசையையும் உடையன. எது முந்தியது என்னும் வினாவுக்கு இவ்வொற்றுமை மட்டும் விடை தராது. ஒரே செவியனுபவத்துக்கு இரு மொழிகள் தத்தம் முறையிற் பெயரிட்டன என்பதே இதனாற் பெறப்படுவது.

பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளத் திட்டம் வேறொரு நெறியில் நடப்பது. பன்னிரு சுரத்தானங்களைக் கொண்ட அத்திட்டத்தில் மூவகை அலகுக்கு இடமில்லை. பிற்காலத்தார் மேளப் பெயரின் முதலிரு எழுத்துக்களில் அதன் எண்ணை மறைத்து வைத்தனர். ‘ஹரி’ என்பது 28. ‘மேச’ என்பது 65. ஆனால் இவ்வெண்முறை கிரந்த எழுத்தை வேண்டுவது. அரிகாம்போதி என்றும் கரகரப்பிரியா என்றும் நாம் தமிழில் எழுதும்போது பெயர் நிலைக்கின்றது, எண் அழிகின்றது. படுமலை, செவ்வழி என்னும் பெயர்களுக்கோ அத்தகைய சார்பு இல்லை. வட்டத்தையும் தொடக்கத்தையும் அறிந்தவனுக்கு அவை என்றும் பொருள் தருவன.

முடிவுரை

மூவகை அலகா, இருவகை அலகா என்ற வழக்கில் எழுபாலைப் பெயர்கள் எப்பக்கமும் சாயவில்லை என்பதே இவ்வாய்வின் முடிபாகும். எந்நரம்பு குரலாயிற்று என்பதை மட்டும் அவை கூறுவதால், இரு கொள்கையிலும் ஏழும் ஏழாகவே நிற்கும். பண்டிதர் ஐந்தாம் நரம்பின் நிறைவைக் காக்க முற்பட்டார். அடிகளார் கைக்கிளையின் இனிமையைக் காக்க முற்பட்டார். இரண்டையும் ஏழு நரம்புகளில் ஒருங்கே காத்தல் இயலாது என்பது கணிதம் காட்டும் உண்மை. படுமலையில் குறையும் அந்த ஓரலகு ஒருவர் செய்த பிழையன்று. இயற்கை கேட்கும் விலையாகும்.

எனவே, இவ்விருவருள் ஒருவரைப் போற்றி மற்றவரைத் தள்ளும் வழக்கம் நம்மிடையே ஒழிதல் வேண்டும். அலகுகளைத் தேர்வுக்காக ஒப்புவிக்கும் நாம், ஒரு நாளேனும் தம்புராவின் முன்னமர்ந்து, கைக்கிளையின் மூன்றாம் அலகு எங்கே நிற்கின்றது என்று நம் செவியால் தேடுதல் நன்று. மாதரி நிறுத்திய வட்டத்தில் ஒவ்வொருத்திக்கும் உரிய இடம் அப்போது விளங்கும்.