ஒரு மென்பொருளை எவ்வளவு நம்பலாம்?

வங்கிப் பணப் பரிமாற்றம் முதல் மருத்துவமனைக் கருவிகள் வரை இன்று நாம் மென்பொருளை நம்பியே இருக்கிறோம். அது பழுதின்றி இயங்கும் என்று எதைக் கொண்டு சொல்கிறார்கள்?

குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலம் வரை, மென்பொருள் பழுதாகாமல் இயங்குவதற்கான நிகழ்தகவையே அதன் நம்பகத்தன்மை என்கிறோம். சோதனையின்போது எத்தனை மணி நேரத்துக்கு ஒரு பிழை வெளிப்படுகிறது என்று குறித்து வைப்பார்கள். பிழைகளைத் திருத்தத் திருத்த இந்த இடைவெளி நீளும். அந்தப் போக்கை வைத்து, இன்னும் எத்தனை பிழைகள் மீதமிருக்கும் என்று கணிப்பார்கள். 1972-ல் ஜெலின்ஸ்கியும் மொராண்டாவும், 1979-ல் கோயலும் ஒகுமோட்டோவும் தந்த புள்ளியியல் மாதிரிகள் இவ்வகையில் புகழ்பெற்றவை.

ஆனால் இக்கணிப்பு, சோதனையில் இருந்த சூழலே வெளியிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தனர். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு செயல்படவில்லை. அதன் கணினி நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. இரும எண் முறையில் அந்தப் பின்னத்தை முழுமையாக எழுத முடியாது. ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய பிழை சேரும். ஓரிடத்தில் சில மணி நேரமே இயங்கும் என்று கருதி வடிவமைத்த அமைப்பு, அன்று சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியிருந்தது. கடிகாரப் பிழை 0.34 நொடியானது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அதனால் கணினி தவறான இடத்தில் தேடியது. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கு வந்து சேர்ந்தது.

சில மணி நேரச் சோதனை இந்தப் பிழையைக் காட்டியிருக்காது. இதனால்தான் பிற்கால மாதிரிகள் சூழலையும் கணக்கில் சேர்க்கின்றன. பயனாளர்கள் எந்த வேலையை எவ்வளவு அடிக்கடி செய்கிறார்கள் என்று பார்த்து, அதே விகிதத்தில் சோதிப்பது ஒரு வழி. சூழலின் தாக்கத்தை நிலையான எண்ணாக வைக்காமல் சமவாய்ப்பு மாறியாகக் கொள்வது இன்னொரு வழி. அப்போது விடை ஒற்றை எண்ணாக அல்லாமல், 'இதற்கும் இதற்கும் இடையில்' என்ற வரம்பாகக் கிடைக்கும்.

எனவே '99 சதவீதம் நம்பகமானது' என்று யாராவது சொன்னால், எந்தச் சூழலில், எவ்வளவு காலம் சோதித்தீர்கள் என்று நாம் கேட்க வேண்டும். அந்த விவரம் இல்லாத சதவீதத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.