ஊவாவின் மஞ்சட் தூள்: ஒரு பங்கசு நாசினியின் அபாயத்தை அளக்கும் முறை பற்றி

இலங்கையில் பயிர்ப் பங்கசுகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் ஊவாவிலிருந்தே தொடங்க வேண்டியவராவர். 1869ஆம் ஆண்டில் மடூல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் படிந்திருந்த செம்மஞ்சட் பொடியைப் பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவெயிற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பிவைக்க, பங்கசு சாஸ்திரத்தில் வல்லவரான பார்க்லி பாதிரியார் அதனை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஓர் இனமென உலகுக்கு அறிவித்தார். 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் இங்கு வந்து, ஈராண்டு தங்கி, அந்நோய் காற்றில் மிதந்து செல்லும் வித்திகளால் பரவுவதை விளக்கினார். அவர் ஊர் திரும்பி மூன்றாண்டு கழிந்த பின்னரே, 1885இல், பிரான்ஸ் தேசத்து மில்லார்டே மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையின் பயனை எழுதிப் பிரசுரித்தார். அதற்குள் கோப்பி வீழ்ந்து தேயிலை எழத் தொடங்கிவிட்டது. 1946இல் அத்தேயிலைக்கும் கொப்புள நோய் வந்து சேர்ந்தபோதோ நிலைமை வேறாயிருந்தது: செப்புச் சேர்மங்கள் ஆயத்தமாயிருந்தன, தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது, மருந்து டேங்கைச் சுமக்கத் தோட்டங்களில் முதுகுகளும் இருந்தன.

அந்த முதுகுகளின் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. நோய் எவ்வளவு கொழுந்தை அழிக்கும், மருந்து எவ்வளவு கொழுந்தைக் காக்கும் என்னும் கணக்குகள் தோட்ட விவசாயத்தில் எக்காலமும் முன்னின்றிருக்கின்றன. மருந்தடிப்பவனுடைய சுவாசப்பையும் தோலும் அக்கணக்கில் எளிதில் இடம்பெற்றதில்லை. போர்டோக் கலவையை ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்கள் ஏறத்தாழ எண்பதாண்டு காலம் பிரயோகித்த பிறகுதான், 1969இல், போர்த்துக்கல் நாட்டு வைத்தியர் இருவர் அதனைத் தெளித்து வந்த தொழிலாளரின் சுவாசப்பைகளில் செப்புப் படிந்த புண்களைக் கண்டு, அதை ஒரு புதிய தொழில்நோயாக விவரித்தனர். எண்பதாண்டு தாமதம் என்பது சாஸ்திரத்தின் இயலாமையால் விளைந்ததென்று நான் கருதவில்லை. எதை அளக்க வேண்டுமென்று தீர்மானித்தோமோ அதை மட்டுமே அளந்ததால் விளைந்தது அது.

இந்த விசாரணைக்கு உதாரணமாக மான்கோசெப் என்னும் நாசினியை எடுத்துக்கொள்கிறேன். 1960களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த இந்த மஞ்சட் தூள், மங்கனீசு 20 வீதமும் நாகம் ஏறத்தாழ 2.5 வீதமும் அடங்கிய ஒரு டைதயோகார்பமேற்று. வெலிமடை, ஊவாப் பரணகமை, பண்டாரவளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கும் தக்காளியும் பயிரிடுவோர், ஒரே மழை வாரத்தில் செடியைக் கருக்கிவிடும் நோய்க்கு அஞ்சி இதனை நாடுகின்றனர். கீழே மொனராகலைப் பக்கத்தின் மிளகாய்ப் பாத்திகளுக்கும் இறப்பர் நாற்றுமேடைகளுக்கும் இது அந்நியமன்று. தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளி வேலையில்லாத நாளில் அயலிலுள்ள மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போவதும், லயத்தின் பின்புறத்துத் துண்டு நிலத்தில் தானே கோவாவும் போஞ்சியும் நடுவதும் இன்று சாதாரணமாகையால், பெருந்தோட்டத்தின் எல்லை இந்தத் தூளுக்கு எல்லையாக இருப்பதில்லை.

எலிகளுக்கு வாய்வழியே கொடுத்த பரிசோதனையில், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 5000 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவில் கொடுத்தும் பாதி எலிகள் சாகவில்லை. ஆகவே உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலில், சாதாரண உபயோகத்தில் உடனடி அபாயம் விளைக்காதென்று கருதப்படும் கடைசிப் பிரிவில் மான்கோசெப் வைக்கப்பட்டது. உணவு விவசாய ஸ்தாபனத்தின் நெறிப்படி அப்பிரிவுக்குரிய லேபல் நிறம் பச்சை. பச்சைப் பட்டை கண்ட விவசாயி அதனைச் சாந்தமான மருந்தென்று கொள்வதில் பிழை காண்பதற்கில்லை. அவனுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவே. ஆனால் அப்பட்டை விடையளிக்கும் வினா ஒன்றே ஒன்று: இதனை இன்று உட்கொண்டவன் இன்றோ நாளையோ இறப்பானா? இருபது ஆண்டு முதுகில் சுமந்தவனைப் பற்றியும், தெளித்த மறுநாள் அந்தச் செடிகளுக்கிடையே களை பிடுங்கிய கர்ப்பிணியைப் பற்றியும் அது யாதொன்றும் கூறுவதில்லை.

உடனடி மரணத்தை முதன்மையான அளவுகோலாகக் கொண்டதற்கு இலங்கையில் நியாயமான காரணம் இருந்தது என்பதை மறுத்தல் தகாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பதிவாளர் அலுவலகம், 1995 அளவில் மிகக் கொடிய முதற் பிரிவு நாசினிகளை விலக்கிற்று. 1998இல் எண்டோசல்பானையும், 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாற்று, டைமெதோயேற்று, பென்தியன் ஆகியவற்றையும் படிப்படியாக நீக்கிற்று. 1995ஐ அண்டி இலட்சம் பேருக்கு நாற்பதுக்கு மேல் நின்ற தற்கொலை வீதம் பின்வந்த இருபதாண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியதில் இந்நடவடிக்கைகளுக்குப் பெரும் பங்குண்டு. எத்தனையோ லயங்களில் பிள்ளைகளைக் காப்பாற்றிய காரியம் அது. உலகநாடுகள் கைக்கொள்ளத் தக்க முன்மாதிரி. எனினும் அவ்வெற்றியே நம் கண்ணை ஒரு திசையில் பழக்கிவிட்டது. குடித்தால் கொல்வதே விஷம், கொல்லாதது விஷமன்று என்னும் எண்ணம் கடைக்காரரிடமும் உத்தியோகத்தரிடமும் வேரூன்றி, பங்கசு நாசினிகள் யாவும் பரிசோதனைக்கு அகப்படாத ஒரு நிழலில் ஒதுங்கிக்கொண்டன.

மான்கோசெப்பின் மெய்யான அபாயம் அதன் சிதைவில் இருக்கிறது. ஈரமும் வெப்பமும் அமிலமும் பட்டால் அது எத்திலீன் தயோயூரியா என்னும் பொருளாக மாறுகிறது. மனித உடலுக்குள்ளும் அம்மாற்றம் நிகழ்கிறது. தூளின் மிச்சம் ஒட்டிய மரக்கறியை வேகவைக்கும் சட்டிக்குள்ளும் நிகழ்கிறது. அயடீனைத் தைரொயிட்டுச் சுரப்பியில் பிணைத்து ஹோர்மோனாக ஆக்கும் நொதியத்தை இப்பொருள் தடுக்கிறது. எலிகளின் கருவில் இது உறுப்புக் குறைகளை உண்டாக்கியதும் நிரூபிக்கப்பட்டது. பீடைநாசினி எச்சங்களை ஆராயும் சர்வதேச நிபுணர் கூட்டம் 1993இல் நாளாந்தம் ஏற்கத்தக்க அளவை நிர்ணயித்தபோது, மான்கோசெப்புக்குக் கிலோகிராமுக்கு 0.03 மில்லிகிராம் என்றும், அதன் சிதைவுப் பொருளுக்கு 0.004 மில்லிகிராம் என்றும் வகுத்தது. அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்களுள் ஒருவர், பச்சைப் பட்டைக்குரிய பட்டியலை வெளியிட்ட அதே உலக சுகாதார ஸ்தாபனமே. ஒரு ஸ்தாபனத்தின் இரண்டு ஏடுகளில் முதலாவது மாத்திரமே லேபலின் நிறமாகத் தோட்டம்வரை வந்து சேர்ந்தது.

மனிதரிடம் கிட்டிய சான்றுகளும் இல்லாமலில்லை. மெக்சிக்கோவில் இவ்வின நாசினிகளை முதுகு டேங்கால் தெளிப்போரைச் சோதித்து 1997இல் வெளியான ஆய்வு, தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன் அவர்களிடம் உயர்ந்திருக்கக் கண்டது. கொஸ்தாரிக்காவில் ஆகாயவிமானத்தால் மான்கோசெப் தெளிக்கப்படும் வாழைத் தோட்டங்களுக்கு அருகே வசித்த கர்ப்பிணிகளின் சிறுநீரில் மேற்படி சிதைவுப் பொருள் காணப்பட்டது. வீடு தோட்டத்தை நெருங்க நெருங்க அளவும் ஏறிற்று. லயத்துக்கும் மலைக்கும் இடையே சில பாகங்களில் ஒரு கான் மாத்திரமே பிரிவாயிருக்கும் நம் பிரதேசத்துக்கு இந்த இரண்டாவது ஆய்வை வாசிக்காமல் விடுவது தகாது. ஐரோப்பிய ஒன்றியம், இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைப்பதென வகைப்படுத்தப்பட்ட இந்நாசினியின் அனுமதியைப் புதுப்பிப்பதில்லையென 2020 டிசம்பரில் தீர்மானித்தது.

ஐரோப்பா பொருளின் இயல்பிலுள்ள கேட்டை மாத்திரம் நோக்கித் தீர்ப்பளிக்கிறது, மனித உடலை எட்டும் அளவை நோக்கவில்லை என்பது அத்தீர்மானத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம். அதில் பொருள் உண்டு. கையுறையும் முகமூடியும் மூடிய உழவு யந்திரமும் உள்ள இடத்தில் உடலை எட்டும் அளவு சொற்பமாகவே இருக்கலாம். ஆயின் இவ்வாதத்தை ஊவாவில் எடுத்தாள்பவர் ஊவாவில் எட்டும் அளவு யாதென்று சொல்லக் கடமைப்பட்டவராகிறார். வெலிமடைப் பக்கத்தில் ஒரு காலை நேரத்தைப் பார்ப்போம். பைக்கட்டின் வாயைப் பல்லால் கிழித்துப் பீலித் தண்ணீர் நிரம்பிய வாளியில் தூளைக் கொட்டுகையில் அது மஞ்சட் புகையாய் எழுந்து புருவத்திலும் மீசையிலும் படிகிறது. கலக்குவதற்கு ஒரு குச்சி, குச்சி கிட்டாதபோது முழங்கை வரை கை. டேங்கின் மூடியில் வாசர் தேய்ந்திருப்பதால் குனியும்தோறும் கரைசல் வழிந்து சட்டையின் முதுகையும் இடுப்பையும் நனைக்கிறது. வெயிலில் அது உலர்கிறது, அடுத்த டேங்கில் மறுபடி நனைகிறது. உடல் அன்று ஏற்கும் அளவில் பெரும்பகுதி வாயால் வருவதன்று, அந்த நனைந்த சட்டையால் வருவது. மாலையில் அதனை மனைவி பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்து அதே பீலியில் துவைக்கிறாள்.

பாதுகாப்பு உடை அணியச் சொல்லலாமே என்பர். உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் வகுத்த பீடைநாசினி நடத்தைக் கோவையே, அணியச் சங்கடமான, விலையுயர்ந்த, எளிதிற் கிட்டாத உடைகளை வேண்டி நிற்கும் நாசினிகளை, வெப்ப தேசங்களின் சிறு விவசாயிகளும் பண்ணைத் தொழிலாளரும் கையாளுவது தவிர்க்கப்பட வேண்டுமென்கிறது. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்து மத்தியானத்தில் பிளாஸ்டிக் அங்கி பூண்டு சரிவில் ஏறுமாறு ஒருவரிடம் சொல்வது ஆலோசனையாகாது. பொறுப்பை அவர் தலையில் ஏற்றும் உபாயம்.

பௌதிக அபாயம் பற்றியும் சொல்ல வேண்டும். வைத்தியர்கள் அதனைத் தம் துறையன்றென விட்டுவிடுகிறார்கள், விவசாய உத்தியோகத்தர்கள் விளைச்சலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஈரமும் வெப்பமும் கண்ட தூள் காபன் இருசல்பைட்டு ஆவியை வெளியிடக்கூடியது. அவ்வாவி காற்றினும் இரண்டரை மடங்குக்கு மேல் கனத்தது. ஆகையால் தரையோடு தரையாய்த் தவழ்ந்து செல்லும். ஏறத்தாழ 90 பாகை வெப்பத்தில், சுடரின் துணையின்றியே, அது தானாகப் பற்றிக்கொள்ளும். கொதிநீர்க் கேத்தலின் சூடு அதைவிட மேலானது. இதே இனத்தைச் சேர்ந்த மனேப் என்னும் நாசினி குவியலில் தானே சூடேறிப் புகைவதாகையால், கப்பற் போக்குவரத்து விதிகள் அதனைத் தன்வெப்பமேறும் பொருட்களின் வகுப்பில் வைத்திருக்கின்றன. மான்கோசெப்பில் உறுதியூட்டும் சேர்க்கை இருப்பினும், நனைந்து கட்டிபட்ட பழைய பைக்கட்டு அந்த உறுதியை இழக்கும். இப்போது மொனராகலையில் ஒரு தகரக் கூரைச் சாய்ப்பை மனத்திற் கொள்ளுங்கள்: பங்குனி மாதத்து நண்பகல், மூடிய கதவு, மூலையில் ஐப்பசி மழையில் ஒழுகி நனைந்த பாதிப் பைக்கட்டு, அருகே மண்ணெண்ணெய்ப் போத்தல், மறுசுவருக்கு அப்பால் விறகடுப்பு. குளிர்ந்த வெலிமடையில் பாதுகாப்பாயிருந்த பொருள் இங்கே அதே பொருளாய் இருப்பதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாய்த் தொடரும் லயத்தில் ஓரறைத் தீ ஓரறையோடு நிற்பதுமில்லை.

இவ்வளவும் கூறியபின் உடனே தடைசெய்க என்று முடித்தல் சுலபம். 2021 மேயில் இரசாயன உரத்தையும் பீடைநாசினிகளையும் ஒரே வர்த்தமானியால் நிறுத்தி, விளைச்சல் சரிந்து, நவம்பரில் அம்முடிவைக் கைவிட்ட அனுபவம் நம் முன் இருக்கையில் அப்படி எழுத என் மனம் ஒப்பவில்லை. உருளைக்கிழங்குப் பாத்தியை இழந்த குடும்பத்தின் பசியும் ஓர் ஆரோக்கிய விஷயமே. ஆனால் படிப்படியாக நீக்குவதற்கும், வைத்திருப்பதானால் எப்படி வைத்திருப்பது என்று கட்டளையிடுவதற்கும், முதலில் இந்த மண்ணில் எடுத்த அளவைகள் வேண்டும். எலிகளின் மீது எடுத்ததும் ஐரோப்பிய உழவு யந்திரத்துக்காகக் கணித்ததும் அதற்குப் போதா.

அளவை எடுப்பது அரிய காரியமுமன்று. எத்திலீன் தயோயூரியா சிறுநீரில் வெளியேறுவது. அதன் பாதியளவு உடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஒரு நாள் செல்லும். ஆகவே தெளித்த மறுநாட் காலையில் எடுக்கும் ஒரு சிறு போத்தல் சிறுநீர் முந்தின நாளின் வேலையைப் பற்றிச் சாட்சி சொல்லும். சாய்ப்புகளில் உச்ச வெப்பத்தைப் பதியும் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டால் வைகாசிக்குள் அதன் கதை தெரிந்துவிடும். பிறந்த சிசுவின் குதிக்காலிலிருந்து ஒரு துளி இரத்தமெடுத்துத் தைரொயிட்டுக் குறைபாட்டைச் சோதிக்கும் திட்டம் நாட்டில் ஏற்கெனவே நடந்து வருகிறது. தாய் எந்தத் தோட்டத்தில், எந்த மலையில், எந்த மரக்கறிப் பாத்தியில் கர்ப்ப காலத்தில் வேலை செய்தாள் என்னும் ஒரு வினாவை மருத்துவமாதுவின் கர்ப்பிணிப் பதிவேட்டிற் சேர்த்து, அவ்விரண்டு பதிவுகளையும் பதுளை, மொனராகலை மாவட்டங்களில் பொருத்திப் பார்த்தல் வேண்டும். முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் டேங்க் சுமக்கும் ஆண்களல்லர், அந்தச் சட்டைகளைத் துவைக்கும் பெண்களே. ஏனெனில் மருந்தடிப்பவர் பட்டியலில் அவர்களுடைய பெயர் எங்கும் இராது. இதற்கான செலவை நாசினியைப் பதிவுசெய்து விற்போர் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தோடு செலுத்தவும், அவ்வளவைகள் வந்து சேரும்வரை பச்சைப் பட்டையின் மேல் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சிடவும் பதிவாளர் கட்டளையிடலாம்.